இஞ்சிக் கேக்குக்கு எந்த மொலாசஸ்? இளநிறம், அடர்நிறம், பிளாக்ஸ்ட்ராப்

மாலைமாவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இஞ்சிக் கேக் செய்யலாம் என்று ஒரு பழைய செய்முறையை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டரை கப் மைதா, ஒரு கப் மொலாசஸ் (கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கரும்பாகு), ஒரு கப் வெந்நீர், அரை கப் சர்க்கரை, அரை கப் வெண்ணெய், ஒரு முட்டை, ஒன்றரைத் தேக்கரண்டி சமையல் சோடா. அதற்கு மேல் சுக்கு, பட்டை, கிராம்பு. இதில் மொலாசஸ் என்று மொட்டையாக எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். வாங்கப் போனால் இளநிறம், அடர்நிறம், பிளாக்ஸ்ட்ராப் என்று மூன்று வகை வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் 'கந்தகம் சேர்க்காதது' என்று வேறு அச்சிட்டிருக்கிறது.

என் மாமியாருக்கு ரத்தசோகை. பிளாக்ஸ்ட்ராப்பில் இரும்புச்சத்து அதிகம் என்பதால் அதையே ஊற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சிலை எழுதியது:

யோசிக்கவே வேண்டாம், பிளாக்ஸ்ட்ராப்தான். மற்ற இரண்டும் ஏறக்குறைய சர்க்கரைப் பாகு. கரும்பின் தாதுக்கள் அத்தனையும் கடைசிப் பாகில்தான் இறங்குகின்றன. கசப்பு கொஞ்சம் இருக்கும். ஆனால் இஞ்சியும் கிராம்பும் போடும் கேக்கில் அது தெரியவா போகிறது?

பாகுநிலை எழுதியது:

சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இந்த மூன்றும் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லிவிட்டால் கேள்வியில் பாதி தானே தீர்ந்துவிடும்.

கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துத் தெளியவைத்து, நீரை ஆவியாக்கிக் கெட்டிப்படுத்தி, பிறகு வெற்றிடக் கலனில் காய்ச்சுகிறோம். வெற்றிடத்தில் கொதிநிலை குறையும் என்பதால் சர்க்கரை கருகாது. பரல் கட்டிய அந்தக் கூழுக்கு ஆலையில் மாசக்யூட் என்று பெயர். அதை மையவிலக்கு எந்திரத்தில் விட்டுச் சுழற்றுவோம். உள்ளே போகும்போது கரும்பழுப்பாக இருக்கும் கூழ், கூடை வேகம் பிடிக்கப் பிடிக்க நம் கண் முன்னே வெளுக்கும். பாகு சல்லடைத் துளைகள் வழியே வெளியே வீசப்பட, சுவரோரம் மஞ்சள் கலந்த பரல்கள் அடையாக நிற்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

வெளியே வந்த பாகுதான் முதல் மொலாசஸ். அதில் இன்னும் நிறையச் சர்க்கரை இருப்பதால் மறுபடி காய்ச்சுவோம், மறுபடி சுழற்றுவோம். இரண்டாவது பாகு வரும். மூன்றாம் முறையும் அப்படியே. அதற்கு மேல் பரல் எடுப்பது கட்டுப்படியாகாது என்று விட்டுவிடும் கடைசிப் பாகுதான் பிளாக்ஸ்ட்ராப். ஒவ்வொரு சுற்றிலும் சர்க்கரை வெளியேறுகிறது, தாதுக்களும் கருநிறப் பொருள்களும் மிச்சத்தில் தங்குகின்றன. ஆகவே இனிப்பு குறைந்து கசப்பு ஏறுகிறது. பாட்டிலில் வருவது பல பாகுகளைக் கலந்து பக்குவப்படுத்தியதாகவும் இருக்கலாம். இருந்தாலும் இளநிறம் முதல் சுற்றின் குணம், அடர்நிறம் இரண்டாவதன் குணம் என்று எடுத்துக்கொள்வதில் பெரிய தவறு வராது.

கந்தக விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முற்றாத கரும்பிலிருந்து எடுக்கும் பாகு கெடாமலிருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பது பழைய வழக்கம். லேசான மருந்து நெடி நாக்கில் தங்கும். சமையலுக்குக் கந்தகம் சேர்க்காததையே வாங்குங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் லேபிளைப் படிக்காமல் வாங்கவே கூடாது. சிலருக்குச் சல்பைட்டுகள் என்ற இந்தக் கந்தகச் சேர்மங்கள் மூச்சிரைப்பைத் தூண்டிவிடும்.

ஓவன்சூடு எழுதியது:

பச்சிலை சொல்வதை நான் கடுமையாக மறுக்கிறேன். பேக்கரி நடத்துகிறேன், குளிர்காலம் முழுக்க இஞ்சிக் கேக்தான் வேலை. கேக்கில் ஒரு கப் பிளாக்ஸ்ட்ராப் ஊற்றினால் இஞ்சி, கிராம்பு எதுவும் காப்பாற்றாது. கிராம்புக்கே ஒரு கசப்பு உண்டு, இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். மாமியார் ஒரு துண்டு தின்றுவிட்டு மிச்சத்தை வைத்துவிடுவார். சாப்பிடாத கேக்கில் எவ்வளவு இரும்பு இருந்து என்ன பயன்?

மாலைமாவு, உங்கள் செய்முறைக்கு அடர்நிறம் சரியாக வரும். முதல்முறை செய்கிறீர்கள், குழந்தைகளும் சாப்பிடுவார்கள் என்றால் இளநிறம்.

சுவையை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. மொலாசஸை இனிப்புப் பொருள் என்று மட்டும் நினைத்தால் செய்முறையின் பாதி புரியாது. அது ஓர் அமிலம். அதன் பிஎச் அளவு (7-க்குக் கீழே இருந்தால் அமிலம்) பெரும்பாலும் 5-லிருந்து 5.5 வரை இருக்கும். உங்கள் செய்முறையில் பேக்கிங் பவுடர் கிடையாது, தயிர் கிடையாது, எலுமிச்சை கிடையாது. சமையல் சோடா மட்டும்தான். அந்தச் சோடா வினைபுரிய அமிலம் எங்கிருந்து வருகிறது? மொலாசஸிலிருந்துதான். கேக்கைத் தூக்கி நிறுத்துவது அது.

சந்தேகம் இருந்தால் சிறு பாத்திரத்தில் கால் கப் மொலாசஸை இளஞ்சூடாக்கி, ஒரு சிட்டிகை சோடாவைத் தூவிக் கலக்கிப் பாருங்கள். முதலில் ஓரங்களில் ஊசிமுனைக் குமிழ்கள் வரும். அடுத்த நொடிகளில் கறுப்பு வெளிறிச் செம்பு நிறமாகி, நுரை கட்டி மேலே எழும்பும். கரண்டியில் எடுத்தால் பாகின் கனமே இருக்காது. பழைய செய்முறைகளில் சோடாவை மொலாசஸோடு கலந்து கொட்டச் சொல்வது இந்த நுரைக்காகத்தான். அதனால் மாவைக் கரைத்துவிட்டு ஃபோனில் பேசப் போய்விடாதீர்கள். கரைத்த கையோடு ஓவனில் வைக்க வேண்டும், இல்லையென்றால் எழும்பிய வாயு வெளியேறிவிடும்.

பச்சிலை எழுதியது:

சோடா விஷயம் புரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் பிளாக்ஸ்ட்ராப்பும் அமிலம்தானே? அதுவும் எழுப்பும். சத்து என்று வரும்போது மற்ற இரண்டையும் அதோடு ஒப்பிடவே முடியாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

ஊட்டச்சத்து ஆலோசகர் என்ற முறையில் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

அமெரிக்க வேளாண் துறையின் பட்டியல்படி 100 கிராம் சாதாரண மொலாசஸில் இரும்பு சுமார் 4.7 மில்லிகிராம், கால்சியம் சுமார் 205, மக்னீசியம் சுமார் 240, பொட்டாசியம் 1,460-ஐ ஒட்டி இருக்கிறது. சர்க்கரை 75 கிராம், ஆற்றல் 290 கலோரி. மேசைக்கரண்டி ஒன்றுக்கு 20 கிராம் என்று வைத்தால் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட வரவில்லை. பிளாக்ஸ்ட்ராப்பில் இதைவிடக் கணிசமாக அதிகம், அது உண்மை. ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு மாறும். லேபிளில் போட்டிருப்பதைத்தான் நம்ப வேண்டும்.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அமெரிக்கப் பரிந்துரை நாளொன்றுக்கு 18 மில்லிகிராம், அதன் பிறகு 8. ரத்தசோகை வந்துவிட்டவருக்கு இந்த அளவுகளெல்லாம் போதாது. மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்க வேண்டிய நிலை அது. கேக்கின் ஒரு துண்டில் மொலாசஸ் ஒன்றிரண்டு மேசைக்கரண்டிதான் இருக்கும். அதை மருந்தாக நினைத்தால், தேவையான சிகிச்சை தள்ளிப்போகும் என்பதுதான் என் கவலை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பிளாக்ஸ்ட்ராப்பிலும் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் அதை விதிவிலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கும். 'இயற்கையானது, எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்' என்ற பேச்சு அவர்களுக்கு ஆபத்து.

பச்சிலை எழுதியது:

ரத்தசோகைக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. நான் சொல்ல வந்தது இது: எப்படியும் இனிப்பு சாப்பிடப் போகிறோம், அந்த இனிப்பில் மக்னீசியமும் பொட்டாசியமும் கூடவே வந்தால் நல்லதுதானே? வெள்ளைச் சர்க்கரையில் அதுவும் இல்லையே. காலைக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி பிளாக்ஸ்ட்ராப் விட்டுக் கலக்கிச் சாப்பிடுகிறேன், அந்தக் கசப்பு எனக்கு உண்மையாகவே பிடிக்கிறது.

அளவுகோல் எழுதியது:

அந்த அளவில் முழுக்க ஒத்துப்போகிறேன். தாவர இரும்பு உடலில் சேர வைட்டமின் சி உதவும். கஞ்சியோடு ஓர் ஆரஞ்சும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுடுகல் எழுதியது:

இழை முழுக்க கேக்கிலேயே நிற்கிறதே, மொலாசஸின் காரமான பக்கத்தையும் யாராவது பேச வேண்டாமா! பிளாக்ஸ்ட்ராப்புக்கு உரிய இடம் அங்கேதான் இருக்கிறது. கடுகு, வினிகர், மிளகாய், பூண்டு, தக்காளி இவற்றோடு சேரும்போது அந்தக் கசப்பு ஆழமாக மாறிவிடும். காபித் தூள் ஒரு சிட்டிகை சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

பாஸ்டன் முறையில் மொலாசஸ் விட்டு அவரைப் பருப்பை மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அத்தனை நேரம் வெந்தும் பருப்பு குழையாது, முழுசாக நிற்கும். காரணம் என்ன தெரியுமா? பருப்பின் செல் சுவர்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின். மொலாசஸின் அமிலம் அது கரைவதைத் தாமதப்படுத்துகிறது, கால்சியம் அதை இன்னும் இறுக்குகிறது, சர்க்கரையும் பருப்பு இளகுவதை மெதுவாக்குகிறது. ஆகவே அவசரத்துக்குச் செய்கிறீர்கள் என்றால், பருப்பை முக்கால் பதம் வேகவைத்த பிறகே மொலாசஸைச் சேருங்கள். முதலிலேயே ஊற்றிவிட்டு, வேகவே இல்லை என்று பருப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

தணலில் சுடும்போது அதற்கு நேரெதிரான சிக்கல். பாகில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நிறைய இருப்பதால் சீக்கிரம் கருகும். இறைச்சியோ பனீரோ, முக்கால்வாசி வெந்த பிறகு கடைசிப் பத்து நிமிடத்தில் பூசினால் போதும். மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசுங்கள். முதல் பூச்சு பளபளவென்று இறுகிய பிறகு அடுத்தது.

மாலைமாவு எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. மாமியார் மருத்துவரிடம் ஏற்கெனவே காட்டி வருகிறார், மாத்திரையும் எடுக்கிறார். ஆகவே கேக்கை கேக்காகவே செய்கிறேன். ஓவன்சூடு அண்ணா, மொலாசஸ் கிடைக்காத நேரத்தில் வேறு ஏதாவது ஊற்றிச் சமாளிக்கலாமா? மாதுளை மொலாசஸ் என்று ஒன்று வீட்டில் இருக்கிறது.

ஓவன்சூடு எழுதியது:

மாதுளை மொலாசஸை எடுக்கவே எடுக்காதீர்கள் தங்கச்சி! அது மாதுளைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சியது, புளிப்பில் கண் கூசும். கரும்புப் பாகுக்கும் அதற்கும் உறவே கிடையாது. சாலட்டிலும் கத்திரிக்காயிலும் அருமையாக இருக்கும், இஞ்சிக் கேக்கில் அல்ல. திராட்சை, பேரீச்சை மொலாசஸ்களும் பழச்சாறு சுண்டியவைதான். இருந்தாலும் அவற்றில் இனிப்பு மேலோங்கி நிற்பதால் ஒருவாறு ஒத்துப்போகும்.

மாற்று என்றால் முதலிடம் பிரிட்டனில் விற்கும் கறுப்பு ட்ரீக்கிள் என்ற கரும்பாகுக்கு, அளவுக்கு அளவு மாற்றலாம். அடுத்து, முக்கால் கப் அடர் பழுப்புச் சர்க்கரையைக் கால் கப் நீரில் கரைத்தால் ஒரு கப் மொலாசஸுக்கு ஈடாகும். பழுப்புச் சர்க்கரை என்பதே பெரும்பாலும் வெள்ளைச் சர்க்கரையில் மொலாசஸைத் திரும்பப் பூசியதுதான் என்பதால் மணம் ஓரளவு வந்துவிடும். அமிலம் போதாது, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேருங்கள். வெல்லப்பாகில் கரும்பின் மணம் உண்டு, கசப்பு இல்லை. கேக் நன்றாகவே வரும், ஆனால் வேறொரு கேக்காக வரும். எதை மாற்றினாலும் அமிலத்தைக் கணக்குப் பார்க்காமல் மாற்றாதீர்கள். சாதாரணச் சர்க்கரைப் பாகை ஊற்றிவிட்டு ஒன்றரைத் தேக்கரண்டி சோடாவை அப்படியே போட்டால், வினைபுரியாத சோடா மிஞ்சி கேக் சோப்பு வாடை அடிக்கும்.

எதிர்த்திசையிலும் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்குப் பதிலாக மொலாசஸ் போட வேண்டுமென்றால் மொத்தச் சர்க்கரையில் பாதிக்கு மேல் மாற்ற வேண்டாம். மாற்றும் ஒவ்வொரு கப் சர்க்கரைக்கும் ஒன்றேகால் கப்புக்குச் சற்று அதிகமாக மொலாசஸ், கூடவே முக்கால் தேக்கரண்டி சோடா. செய்முறையில் உள்ள நீர் அல்லது பாலில், ஒரு கப்பின் மூன்றில் ஒரு பங்கு அளவைக் குறைத்துவிடுங்கள். மொலாசஸில் ஐந்தில் ஒரு பங்கு நீர்தான். வெப்பத்தையும் 15 டிகிரி செல்சியஸ் தணிக்க வேண்டும், இல்லையென்றால் நடு வேகும் முன்பே ஓரம் கறுத்துவிடும்.

சர்க்கரைக்கட்டி எழுதியது:

ஓவன்சூடு சொன்ன பழுப்புச் சர்க்கரையை நான் கடையில் வாங்குவதே இல்லை. ஒரு கப் வெள்ளைச் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி மொலாசஸ் விட்டு, முள்கரண்டியால் பிசறினால் இளம் பழுப்பு. இரண்டு மேசைக்கரண்டி என்றால் அடர் பழுப்பு. முதலில் திட்டுத் திட்டாக நிற்கும், சேரவே சேராது என்று தோன்றும். விடாமல் பிசறினால் ஈர மணல் பதத்துக்கு வந்துவிடும்.

ஏடுபுரட்டி எழுதியது:

இந்தப் பழைய செய்முறைகளில் ஏன் கப் கப்பாக மொலாசஸ் என்று வரலாற்றுப் பக்கம் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். வட அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை வெள்ளைச் சர்க்கரை விலை கூடியது, மொலாசஸ் மலிவு. சாதாரண வீடுகளின் இனிப்பு அதுதான். அது கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். வந்த மொலாசஸில் பெரும்பங்கு ரம் வடிக்கப் போனது, அந்த ரமில் ஒரு பகுதி மறுபடி அடிமை வணிகத்துக்கே போனது. கேக்கின் சுவையைப் பேசும்போது இதையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். பிரிட்டன் தன் ஆளுகைக்கு வெளியே விளையும் மொலாசஸுக்குக் கேலனுக்கு ஆறு பென்ஸ் வரி போட்டது 1733-இல். கடத்தல் பெருகி வரி வசூலாகாமல் போகவே 1764-இல் அதை மூன்று பென்ஸாகக் குறைத்து, வசூலைக் கறாராக்கினார்கள். பிரிட்டனின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் அதன் மீது கசப்பு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1919 ஜனவரி 15 அன்று பாஸ்டனில் மொலாசஸ் சேமித்து வைத்திருந்த பிரம்மாண்டமான எஃகுத் தொட்டி வெடித்தது. சுமார் 23 லட்சம் அமெரிக்கக் கேலன் பாகு தெருவில் அலையாகப் பாய்ந்து 21 பேர் இறந்தார்கள், சுமார் 150 பேர் காயமடைந்தார்கள். குளிரில் பாகு இறுகிக்கொண்டே போனதால் சிக்கியவர்களை மீட்பதும் கடினமாகிவிட்டது.

ஓவன்சூடு எழுதியது:

அந்த விபத்தைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன், தோட்டங்களின் கதையையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி ஐயா. குளிரில் இறுகும் குணத்தை அடுக்களையிலும் கவனிக்க வேண்டும். குளிர்ந்த பாகை அளந்தால் பாதி கப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். பாட்டிலைச் சிறிது நேரம் வெந்நீரில் நிறுத்திவைத்து, கப்பில் எண்ணெய் தடவி ஊற்றினால் வழித்துக்கொண்டு வரும். தராசு இருந்தால் கப்பே வேண்டாம். ஒரு கப் மொலாசஸ் ஏறக்குறைய 340 கிராம்.

ரொட்டிப்பிரியன் எழுதியது:

பம்பர்நிக்கல் ரொட்டியின் கருநிறமும் மொலாசஸால் வருவதுதானே? அதற்கு எந்த வகை சேர்ப்பது?

ஓவன்சூடு எழுதியது:

அமெரிக்கப் பாணியில் செய்தால் ஆமாம், பிளாக்ஸ்ட்ராப் ஓரிரு மேசைக்கரண்டி சேர்ப்பார்கள். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் பிறந்த அசல் ரொட்டியில் கோதுமைக்கு உறவான ரை தானியத்தை மூடிய அச்சில் வைத்து, குறைந்த சூட்டில் 16 மணி நேரத்துக்கு மேல் விடுவார்கள். நிறம் அந்த நெடிய வேக்காட்டில் தானே வருகிறது.

புதுவரவு எழுதியது:

மாட்டுத்தீவனத்துக்கு விற்கும் மொலாசஸ் மிக மலிவாகக் கிடைக்கிறது. அதுவும் கரும்புப் பாகுதானே, சமையலுக்கு எடுக்கலாமா?

பாகுநிலை எழுதியது:

கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், கூடாது. ஆலையில் கடைசிப் பாகு போகும் குழாய், தொட்டி, லாரி எதுவும் மனிதர் சாப்பிடும் பொருளுக்கான சுத்தத்தில் பராமரிக்கப்படுவதில்லை. தீவனத்துக்காக யூரியா கலந்தும் விற்பார்கள். பீட்ரூட் இனத்துச் சர்க்கரைக் கிழங்கிலிருந்து வருவதும் அதில் இருக்கலாம். அதன் வாடையே நாம் சாப்பிட ஏற்றதாக இருக்காது, பெரும்பாலும் தீவனத்துக்கும் ஈஸ்ட் வளர்க்கவும்தான் போகிறது. உணவுத் தரம் என்று லேபிள் ஒட்டிய பாட்டிலைத் தவிர வேறெதையும் அடுக்களைக்குள் கொண்டுவராதீர்கள் தம்பி.

மாலைமாவு எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். அடர்நிறம், கந்தகம் சேர்க்காதது, 340 கிராம் நிறுத்து எடுப்பேன். கடைசியாக ஒரு கேள்வி: பாட்டிலில் மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமா? கேக் எத்தனை நாள் தாங்கும்?

பாகுநிலை எழுதியது:

ஃபிரிட்ஜ் தேவையில்லை, வைத்தால் இறுகி ஊற்ற வராது. வாயைத் துடைத்து இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டியை மட்டும் விடாதீர்கள். நீர் சேர்ந்தால் ஈஸ்ட் பிடித்துப் புளிக்கத் தொடங்கும். மூடி உப்பினாலோ, திறக்கும்போது சாராய வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள் அம்மா. அடியில் பரல் கட்டியிருந்தால் அது கெட்டதாகாது, வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் கரைந்துவிடும்.

ஓவன்சூடு எழுதியது:

கேக்கைச் செய்த அன்றே வெட்ட வேண்டாம். முழுக்க ஆறிய பிறகு காகிதத்தில் இறுகச் சுற்றி மறுநாள் எடுங்கள். பாகில் உள்ள குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் துண்டு முதல் நாளை விட மெத்தென்று இருக்கும், காரமும் இனிப்பும் ஒன்றோடொன்று படிந்திருக்கும். நான்கைந்து நாள் தாராளமாகத் தாங்கும். டின்னின் அடியில் மட்டுமல்லாமல் பக்கங்களிலும் வெண்ணெய்க் காகிதம் போட்டுவிடுங்கள், மொலாசஸ் கேக் விளிம்பில் ஒட்டினால் பிய்த்துக்கொண்டுதான் வரும்.